மொத்தமாகக் கோப்புப் பெயர் மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, கல்யாண ஆல்பத்தில் 800 போட்டோ. எல்லாம் கேமரா வைத்த பெயர். விண்டோஸில் வேறெதுவும் இன்ஸ்டால் செய்யாமல் மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக. முதல் வேலையாக ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுங்கள். அப்புறம் எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃப்2 தட்டி 'முகூர்த்தம்' என்று அடித்து என்டர் கொடுங்கள். முகூர்த்தம் (1), முகூர்த்தம் (2) என்று மாறிவிடும். திரையில் தெரியும் வரிசையில்தான் எண் விழும். இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஒன்று 10 நிமிடம் வேகமாக ஓடியிருந்தால், தாலி கட்டிய படத்துக்குப் பிறகு தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரும் படம் நிற்கும்.

கேள்வி: மேக்கில்?

பதில்: ஃபைண்டரில் (மேக்கின் ஃபோல்டர் ஜன்னல்) தேர்ந்தெடுத்து வலது கிளிக், ரீநேம். 2014-இல் வந்த யோசெமிட்டி என்ற மேக் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கவுண்டர் வகையை எடுத்தால் 00001 என்று வரும். இண்டெக்ஸ் வகை வெறும் 1, 2 தரும். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கருவிகளில் 10-க்குப் பிறகுதான் 2 வரும்.

கேள்வி: வாட்ஸ்அப் படங்கள் வரிசைக்கு வரவே மாட்டேன் என்கின்றன.

பதில்: படமாக அனுப்பும்போது எடுத்த தேதி விவரம் கழன்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டில் பெயருக்குள்ளேயே 20231015 என்பதுபோல ஒரு தேதி இருக்கும். எஃப்2 அதையும் அழித்துவிடும். விண்டோஸில் கட்டளை அடித்து வேலை வாங்கும் பவர்ஷெல்லின் ரீநேம்-ஐட்டம் கட்டளையால் முன்பகுதியை மட்டும் மாற்றுங்கள். முதல் தடவை வாட்இஃப் சேர்த்து ஓட்டினால், எது எதுவாக மாறும் என்று காட்டும், கோப்பைத் தொடாது.

கேள்வி: தப்பாக மாற்றிவிட்டேன், திரும்ப வருமா?

பதில்: எக்ஸ்ப்ளோரரில், அதாவது விண்டோஸின் ஃபோல்டர் ஜன்னலில் எஃப்2 தட்டி மாற்றியது என்றால் உடனே கண்ட்ரோல்+இசட். பவர்ஷெல் என்றால் அது பலிக்காது. காப்பிதான் கதி.

கேள்வி: கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கவே கூடாது என்று எல்லாருக்கும் சொல்லுங்கள் சார். எனக்குத் தேடினால் கிடைப்பதில்லை.

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். சிக்கல் எங்கே என்று பார்ப்போம். 'கொலு'வில் உள்ள 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸுக்கு வேறு வேறு. ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொலு' இருக்க முடியும். பழைய மேக்குகள் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து வந்த பெயர் நீங்கள் அடிப்பதோடு பொருந்தாமல் போகலாம். பவர்ஷெல்லில் நார்மலைஸ் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: சரி, லினக்ஸில் என் நீளமான பெயரை ஏற்கவில்லையே? அதற்கென்ன சொல்கிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. அங்கே பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; 'கி'க்கே இரண்டு குறி, 6 பைட். மொத்தம் 85 குறிதான் கொள்ளும். பெயரைச் சுருக்குங்கள். தமிழை விட வேண்டியதில்லை. அம்மா அந்தப் படத்தைத் தமிழில்தான் தேடுவார்.

கேள்வி: அண்ணா, பவர்ஷெல்லில் 600 பெயர் போச்சு. கண்ட்ரோல்+இசட் வேலை செய்யவில்லை.

பதில்: மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள். கேமரா கார்டை இன்னும் அழிக்கவில்லையென்றால் அதிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.