5 வயதுப் பெண்ணுக்கு வெளி மாறுகண்: உடனே ஆபரேஷன் வேண்டுமா?

சகோதரி, களைப்பிலும் வெயிலிலும் மட்டும் ஒரு கண் வெளியே ஓடுகிறது, மற்ற நேரம் நேராக இருக்கிறது என்றால் அவசரம் இல்லை. என் மகனுக்கும் அப்படித்தான். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று பாட்டி சொன்னதைக் கேட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள்.

ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். அது கூடிக்கொண்டே போனால், அல்லது இரு கண்ணும் சேர்ந்து ஆழம் பார்க்கும் திறன் (ஈப்படத்தைக் காட்டி இறக்கையைப் பிடிக்கச் சொல்வார்களே, அந்தச் சோதனை) குறைந்தால்தான் ஆபரேஷன் பேச்சு.

கண்ணை வெளியே எடுக்க மாட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மயக்கம் கொடுத்து, வெளிப்பக்கத் தசையைப் பிரித்துச் சற்றுப் பின்னால் தைப்பார்கள். இரு கண்ணிலும் செய்யலாம், ஒரே கண்ணில் அதோடு உள்தசையையும் இறுக்கிச் செய்யலாம். அமெரிக்காவில் 197 குழந்தைகளை 3 வருடம் கவனித்த ஆய்வில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி ஓடுவதும் அபூர்வமில்லை. இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில நாள் கண் உள்ளே திரும்பி, இரண்டிரண்டாகத் தெரியலாம். பெரும்பாலும் வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாகத் திருத்துவதுதான் அது. நான் அழுதே விட்டேன்!