கான்ஃபிக் கோப்பில் ஃபால்ஸ் என்று எழுதியும் ட்ரூ ஆவது ஏன்?

காரைக்குடி விடுதி ஒன்றுக்கு பைத்தானில் பில் நிரல் எழுதுகிறீர்கள். அமைப்புகளை எழுதி வைக்கும் ஐஎன்ஐ கோப்பில் ‘ஏசி = ஃபால்ஸ்’ என்று கொடுத்தும் எல்லா அறைக்கும் ஏசி கட்டணம் விழுகிறது, இதுதானே கேள்வி?

அந்தக் கோப்பைப் படிக்கும் பைத்தானின் கான்ஃபிக்பார்சருக்கு எல்லாமே வெறும் எழுத்துச் சரம்தான். காலியாக இல்லாத எந்தச் சரத்தையும் பூல் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஆக்கும் கட்டளை) கொண்டு மாற்றினால் ட்ரூ வரும். ‘ஃபால்ஸ்’ என்ற சரமும் அப்படித்தான். கான்ஃபிக்பார்சரிலேயே உள்ள கெட்பூலியன் பயன்படுத்துங்கள், அது எஸ்/நோ, ஆன்/ஆஃப், ட்ரூ/ஃபால்ஸ், 1/0 எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொள்ளும்.

மதிப்பு எண்ணா, சரமா என்று வகையைத் தானே ஊகிக்கும் யாம்ல் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். நம் ஊர் எஸ்டிடி கோடு 04565-ஐ மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், யாம்லைப் படிக்கும் பைத்தான் நூலகமான பையாம்ல் அதை எட்டடிமான (ஆக்டல்) எண்ணாக எடுத்து 2421 ஆக்கிவிடும்! டாம்ல் என்ற இன்னொரு வடிவம் இதற்குத் தேவலை: முன்னால் பூஜ்ஜியம் வந்தால் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

அப்புறம், கோப்பில் மதிப்பு இல்லாதபோது வரும் இயல்பு மதிப்பு. கான்ஃபிக்பார்சர் தேடுவது முதலில் நீங்கள் கேட்ட பிரிவு, அடுத்து டீஃபால்ட் பிரிவு, இரண்டிலும் இல்லையென்றால்தான் நீங்கள் நிரலில் தரும் ஃபால்பேக் (மாற்று மதிப்பு). அந்த ஃபால்பேக்கை யாரும் வகை மாற்றுவதில்லை, கொடுத்தது கொடுத்தபடி திரும்பும். அதனால் அங்கே மேற்கோளுக்குள் ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால் பழைய வம்பு மறுபடி தொடங்கும். ‘ஏசி =’ என்று காலியாக விட்டால் ஃபால்பேக் எட்டிக்கூடப் பார்க்காது; ‘ஏசி’ என்ற சாவி (பெயர்) இருக்கிறதே! கெட்பூலியன் அங்கே வேல்யூஎரர் என்ற பிழையை எறியும்.