நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

கேள்வி: தாராவியில் பதினான்கு பேர் கொண்ட மகளிர் குழுவுக்கு நான் செயலாளர். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம்; பாதிப் பேர் இட்லி வியாபாரம். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு என் வீட்டில் கூட்டம். மூன்று பேர்தான் வாய் திறப்போம். போன மாதம் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று முறை வைத்தேன். “அக்கா சொல்றதுதான்” என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள். இவர்களுக்கு எப்படி அதிகாரம் கொடுப்பது?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: ‘கொடுப்பது’ என்ற இடத்தில்தான் தங்கச்சி எனக்கு இடறுகிறது. ‘அதிகாரமளித்தல்’ என்று சொல்லிச் சொல்லி, ஏதோ ரேஷன் அரிசி மாதிரி ஒருவர் அளந்து போட, இன்னொருவர் பையை நீட்டுகிற சங்கதியாகிவிட்டது. அமெரிக்காவில் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அம்மா 1924லேயே இதை எழுதினார்: அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது, வளரத்தான் வேண்டும், பிறர் மேல் செலுத்துவது வேறு, பிறரோடு சேர்ந்து உண்டாக்குவது வேறு. பாஸ்டனில் பள்ளிக்கூடங்களை மாலையில் அக்கம்பக்கத்தார் கூடும் இடமாக்க உழைத்தவர் அவர்.

நானும் முறை வைத்துப் பார்த்தவள்தான். சயானில் ஒரு குழு. எல்லாரையும் பாயில் வட்டமாக உட்காரவைத்துவிட்டு, முழங்கால் வலி என்று நான் மட்டும் நாற்காலியில். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள். டீ சொல்லப் போய்விட்டுத் திரும்பினால், கடன் முதலில் யாருக்கு என்று சந்து முனை வரை சத்தம்! வாசலில் நான் செருப்பைக் கழற்றியதும் கப்சிப்.

ஆகவே அவர்கள் வாயைப் பார்ப்பதை விடுங்கள். தீர்மான நோட்டு யார் வீட்டு பீரோவில் இருக்கிறது? வங்கியில் இந்தி பேசுவது யார்? ஞாயிறு மாலை ஏழு மணி யாருக்குத் தோது? திங்கள் விடிகாலை இட்லிக்கு அந்நேரம் மாவு ஆட்டியாக வேண்டும். கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தவள் எப்போது எழுந்திருக்கலாம் என்றுதானே பார்ப்பாள்? கடன் யாருக்கு என்பதை நீங்கள் மூவரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வருகிறீர்கள் என்றால், அந்த இரண்டு நிமிடப் பேச்சும் வெறும் கூத்து.

1986இல் நம்ம மும்பை பைகுல்லாவில் நடைபாதையில் குடியிருந்த பெண்கள் சேர்ந்து மகிளா மிலன் என்ற சேமிப்புக் குழுவைத் தொடங்கினார்கள். சேமிப்புப் பணம் வாங்க அவர்களே குடிசை குடிசையாகப் போனார்கள். போகிற இடத்தில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை எல்லாம் தெரிந்துவிடும். நீங்களும் மாதம் ஒருத்தியை வசூலுக்கு அனுப்புங்கள். கூட்டத்தை மத்தியானத்துக்கு மாற்றி, வீடு வீடாகச் சுற்றவிடுங்கள். இந்த மாதம் வங்கிக்கு இதுவரை போகாத ஒருத்தி போகட்டும். கையெழுத்துக்கு நீங்கள் போயே ஆகவேண்டும் என்றாலும் கவுன்டரில் அவளே பேசட்டும்.

நோட்டையும் அப்படியே கை மாற்றுங்கள். முதல் மாதம் கணக்கில் பத்து ரூபாய் இடிக்கும். இடிக்கட்டும், பேனாவைப் பிடுங்காதீர்கள். அப்புறம் இப்போது பேசுகிற மூவரில் ஒருவருக்குக் கட்டாயம் கோபம் வரும். அது நீங்களாகவும் இருக்கலாம்.