முழு விமான எஞ்சினையும் காபன் ஃபைபரில் செய்ய முடியாதா?

கேள்வி: புதிய விமானங்களில் எஞ்சின் விசிறியைக் காபன் ஃபைபரில் செய்கிறார்கள். எடை குறைகிறது என்றால் முழு எஞ்சினையும் அப்படியே செய்தால் என்ன?

முடியாது. சூடு விடாது.

நீர்கொழும்பில் ஃபைபர் படகு செய்வதைப் பார்த்திருந்தால் பாதி விளங்கிவிடும். பாரத்தைத் தாங்குவது இழை, இழையைப் பிடித்து வைத்திருப்பது ரெசின். விசிறியிலும் இதே கதைதான். எபொக்சி ரெசின் 200 பாகை செல்சியஸுக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். அதனால் குளிர்காற்று நுழையும் முன்பக்கத்தில்தான் அதற்கு இடம்.

கட்டுநாயக்கவில் படியால் ஏறும்போது ஸ்ரீலங்கனின் ஏ321 நியோ வாய்த்தால் எஞ்சினை முன்னாலிருந்து பாருங்கள். விசிறியின் பிளேட் கறுப்பாக இருக்கும், அதன் முன்விளிம்பில் மட்டும் டைட்டேனியம் பட்டை பளபளக்கும். அந்தப் பட்டை பறவை மோதினால் தாங்குவதற்காக. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்புக் களப்பு இருக்கிறதே, பறவைக்கா பஞ்சம்!

பறவை சின்ன விஷயம் இல்லை. ரோல்ஸ் ரொய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினுக்குக் காபன் பிளேட் செய்துபார்த்தது. 1970இல் பறவை மோதல் சோதனையில் அது தேறவில்லை, டைட்டேனியத்துக்கு மாறினார்கள். செலவும் எல்லை மீறிப்போய், 1971 பெப்ரவரியில் கம்பனியே முறிந்தது. 1980களில் எயார் லங்கா ஓட்டிய ட்ரைஸ்டார் விமானங்களில் இருந்தது இந்த ஆர்பி211தான். பயணிகள் சேவையில் காபன் பிளேட்டை முதலில் நிலைநிறுத்தியது 1995இல் போயிங் 777உடன் வந்த ஜிஇ90 எஞ்சின். ஏ321 நியோவில் இருக்கும் லீப் எஞ்சினில் இழையை முப்பரிமாணமாக நெய்து, பிறகு ரெசினைச் செலுத்துகிறார்கள். குறுக்கேயும் நூல் ஓடுவதால் அடி விழுந்தாலும் அடுக்கு அடுக்காகப் பிரியாது. எனக்கு இந்த முழுத் துறையிலும் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

எடை விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முழு வேகத்தில் ஒரு பிளேட் பிய்ந்தாலும் விசிறியைச் சுற்றியுள்ள உறை அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு பிளேட்டை வெடிவைத்து அறுத்து இதை நிரூபித்தால்தான் சான்றிதழ். பிளேட் இலேசானால் உறையும் இலேசாகலாம், பிளேட்டுகளைப் பிடித்திருக்கும் நடு டிஸ்க்கும் இலேசாகலாம், எஞ்சினைத் தாங்கும் பகுதியும் இலேசாகலாம். இலாபம் பிளேட்டோடு நிற்காது.

சரி, பின்பக்கம்? அங்கே ரெசினே இல்லாத வேறொரு கலப்புப் பொருள் வந்திருக்கிறது: சிலிக்கன் காபைட் இழையைச் சிலிக்கன் காபைட்டுக்குள்ளேயே பதித்த செராமிக். அங்கே வழக்கமாகப் போடும் நிக்கல் கலப்புலோகத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், 1,300 பாகை வரை தாங்கும். குளிர்விக்க அதிகம் காற்றைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால் எரிபொருளும் மிச்சம். ஆனால் எரிந்து வரும் வாயுவில் உள்ள நீராவி அதை அரித்துவிடும், மேலே காப்புப் பூச்சு கட்டாயம். லீப்பில் டர்பைனை, அதாவது அந்தச் சூடான வாயு சுழற்றும் பகுதியை, சுற்றியுள்ள வளையத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். அது சுழலாத பாகம். அதிவெப்பப் பகுதியில் சுழலும் பிளேட்டும் டிஸ்க்கும் பயணிகள் விமானங்களில் இன்னும் நிக்கல்தான்.