விசிறிப் பனை நுனி கருகினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார்: "நான்கு மாதத்துக்கு முன்னால், வண்டியில் வந்த செடிக்காரரிடம் 3,500 ரூபாய்க்கு விசிறிப் பனை வாங்கி ஹாலில் வைத்தேன். மட்டையில் முள் இருக்கிறது, ஓலை நுனி பிளந்து தொங்குகிறது. இப்போது எல்லா ஓலையும் நுனியிலிருந்து கருகுகிறது. ஃபங்கஸ் என்று சொல்லி அவரே 650 ரூபாய்க்கு மருந்து கொடுத்தார். பலனில்லை. பால்கனிக்கு மாற்றலாமா? உச்சியை வெட்டினால் குட்டையாகப் புதர் மாதிரி வரும் என்கிறார் குடியிருப்புத் தோட்டக்காரர். வெட்டலாமா?" கூடவே இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெட்டவே வெட்டாதீர்கள். தென்னையும் பனையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குருத்து போனால் மரம் போச்சு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசிறிப் பனையும் அதே குடும்பம். தண்டுக்கு ஒரே ஒரு வளரும் முனை, அது உச்சியில் குருத்துக்குள் இருக்கிறது. செம்பருத்தியை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும், குரோட்டன்ஸும் துளிர்க்கும். இது துளிர்க்காது, செத்துப்போகும். தோட்டக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வேலிச் செடி வெட்டிப் பழகிய கைக்கு எல்லாமே வேலிச் செடிதான்.

படத்தில் இருப்பது சீன விசிறிப் பனை, லிவிஸ்டோனா சினென்சிஸ். தென்சீனா, தைவான், ஜப்பானின் தெற்குத் தீவுகள் இதன் சொந்த ஊர். தரையில் நட்டால் 30, 40 அடி வளரும். தொட்டியில் அவ்வளவு வேகம் கிடையாது, வருஷத்துக்குச் சில ஓலைகள்தான் விடும். கூரையை முட்டிவிடும் என்ற கவலை இப்போதைக்கு வேண்டாம்.

இனி கருகலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டியின் உள்விளிம்பில், மண்ணுக்கு ஒரு விரல் மேலே, வெள்ளையாக ஒரு பொருக்கு வளையம் போலப் படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அது உப்பு. உங்கள் செடிக்கு வந்திருப்பது நோய் இல்லை, உப்புத் தண்ணீர்.

உங்கள் பகுதியில் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு போர்வெல் தண்ணீர் அல்லது டேங்கர் தண்ணீர்தான். அது கடினத் தண்ணீர் என்பதால் அடித்தளத்தில் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அங்கே ஊழியர்கள் உப்பு மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இயந்திரம் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கிறது, குழாயில் கறை படிவதில்லை, 'நல்ல தண்ணீர்' என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். மொத்த உப்பு கொஞ்சமும் குறைவதில்லை. செடிக்கு வேண்டிய இரண்டும் போய், வேண்டாத ஒன்று வந்திருக்கிறது. வேர் உறிஞ்சிய தண்ணீர் ஓலை வழியே ஆவியாகிவிடும். கூட வந்த உப்பு நுனியில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் கருகல் நுனியிலிருந்து உள்ளே நகர்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று நிறையப் பேர் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல மனசு, தப்பான இடம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை ஊற்றுவது? ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. ஒரு கேனில் பிடித்துவையுங்கள். அடுத்தது மழை. மழை பெய்யும் ராத்திரி தொட்டியை லிஃப்டில் மொட்டைமாடிக்கு ஏற்றி, வெயில் வருவதற்குள் காலையில் இறக்கிவிடுங்கள். நான்கைந்து நல்ல மழை போதும், மண்ணில் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒரு தடவை, சாஃப்ட்னருக்குப் போகாத தண்ணீராக இரண்டு மூன்று பக்கெட் மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுக்க வடியவிடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கிய தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். மற்ற நாட்களில் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

சாஃப்ட்னருக்குப் போகாத குழாய் ஒன்றைத் தோட்டத்துக்கென்று தனியாக விடச் சொல்லி உங்கள் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு வால்வும் பத்தடிக் குழாயும்தான் செலவு. நான் ஆலோசனைக்குப் போன ஒரு குடியிருப்பில் இதை நான்கு கூட்டங்களில் பேசினார்கள், அப்புறம் தள்ளிவைத்தார்கள். அதற்குள் நுழைவாயிலில் நட்ட பனைகள் வரிசையாகக் காய்ந்தன, ஒப்பந்தக்காரர் மறுபடி புதிது நட்டுப் பணம் வாங்கிக்கொண்டார். இந்த ஊரில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2009-லேயே சட்டம் திருத்தினார்கள். 2024 மார்ச் மாதத் தட்டுப்பாட்டில், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். அதில் தப்பே இல்லை. ஆனால் கூரையில் விழுகிற மழை எத்தனை கட்டடங்களில் நேரே சாக்கடைக்குப் போகிறது என்று போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அபராதம் போடுவது சுலபம்.

மருந்து தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டித்தான் எல்லா பாட்டிலையும் விற்கிறார்கள். இன்றைக்கே செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் ஈட்டி போல மூடிக்கொண்டிருக்கும் குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். பலம் வேண்டாம், சட்டையில் ஒட்டிய நூலை இழுக்கிற அளவு போதும். அசையாமல் நின்றால் செடி நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். உறையிலிருந்து கத்தி வருவது போல உருவிக்கொண்டு வந்து, அடிப்பக்கம் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்து, நாற்றமும் அடித்தால் அது குருத்தழுகல். தென்னையில் மழைக்காலத்தில் வருகிற அதே நோய். அப்போது அழுகிய பகுதியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கலந்து, செடியை வெளியே வைத்துக் கையுறை போட்டுக்கொண்டு குருத்துக் குழியில் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. உச்சியில் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பார்த்தால் சில செடிகள் பிழைக்கும். நுனி கருகி, குருத்து உறுதியாக நிற்கிற செடிக்கு இந்த மருந்தும் வேண்டாம், 650 ரூபாய் பாட்டிலும் வேண்டாம். லேபிளில் மருந்தின் பெயரே இல்லாமல் 'டானிக்' என்று மட்டும் போட்ட எதையும் வாங்காதீர்கள்.

வாசலுக்கு வரும் வண்டியில் பனை வகை எதையும் வாங்காதீர்கள் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தரையில் வளர்ந்த செடியைத் தோண்டி, வேரை நறுக்கி, களிமண் உருண்டையோடு கறுப்புக் கவரில் திணித்து மறுவாரமே விற்றுவிடுகிறார்கள். ஓலையில் இருக்கும் சேமிப்பை வைத்து இரண்டு மூன்று மாதம் பச்சையாக நிற்கும். அதற்குள் வண்டி வேறு தெருவுக்குப் போயிருக்கும். வாங்கும்போது தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மண்ணும் சேர்ந்து ஆடினால் சரி. தண்டு மட்டும் தனியாக ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கவரின் அடித்துளையில் வெளுப்பான வேர்முனை தெரிய வேண்டும்.

பெயரிலும் ஏமாற்று நடக்கிறது. மாங்கன்றுக்காவது ரகம் கேட்டால் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் 'பாம்' என்ற ஒரே பெயர். மட்டை ஓரத்தில் ரம்பப் பல் போன்ற முள்ளும், ஓலையில் வெள்ளை நூலும் இருந்தால் அது வாஷிங்டோனியா என்ற வேறு பனை. முழு வெயில் கேட்கும், 70 அடிக்கு மேல் போகும். அதை 'டேபிள் பாம்' என்று ஹாலுக்கு விற்கிறார்கள். வெளிச்சம் குறைந்த ஹாலுக்கு மூங்கில் மாதிரி மெல்லிய தண்டுகளோடு வரும் ராபிஸ் என்ற பனைதான் பொருத்தம். அதை வேரோடு பிரித்தும் நடலாம்.

பால்கனிக்குத் தாராளமாக மாற்றலாம். ஆனால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஹால் வெளிச்சத்தில் இருந்த ஓலையைச் சட்டென்று வெயிலில் வைத்தால் வெளுத்து வெந்துவிடும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை எட்டு மணி வரை வெயில், மூன்றாவது வாரம் பத்து மணி வரை. மார்ச் முதல் மே வரை இதில் இறங்காதீர்கள், ஜூனில் மேகம் கூடியதும் தொடங்குங்கள். உள்ளேயே வைக்க ஆசைப்பட்டால் கிழக்கு ஜன்னலுக்கு மூன்றடிக்குள், ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். வேர் தொட்டியை நிரப்பாமல் தொட்டி மாற்ற வேண்டாம். மாற்றினால் செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு. கோகோபீட் (தென்னை நார்த் தூள்) சேர்ப்பதானால் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. கண்ணுக்கு உறுத்தினால் காய்ந்த பகுதியை மட்டும், பச்சையைத் தொடாமல், ஒரு நூலிழை காய்ந்ததை விட்டுக் கத்தரியுங்கள். பாதி மஞ்சளாக இருக்கும் அடி ஓலையை வெட்டவே கூடாது. செடி அதிலிருந்து பொட்டாசியத்தை எடுத்துப் புது ஓலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. முழுக்கக் காவோலையான பிறகு எடுக்கலாம். புதிதாக வரும் ஓலையைத்தான் பார்க்க வேண்டும். குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே உயரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். குளிர்காலமாக இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குருத்துக் கோடு மட்டைக் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் கோடு தெரிகிற மாதிரி ஒரு படமும், கவரையோ தொட்டியையோ கழற்றி வேரை ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள்.