மண்டபத்துக்கு ஒரு எக்கோ, மைதானத்துக்கு ஒரு எக்கோ: ரிவெர்ப் பெடல் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, காட்பாடியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எலக்ட்ரிக் கிட்டாரும் 15 வாட் ஆம்ப்பும் இருக்கிறது. சேர்த்து வைத்த பணத்தில் டிஜிட்டல் ரிவெர்ப் பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டிக் காலால் மிதிக்கும் அந்தச் சின்னப் பெட்டி, வாங்க ஆசை. வீடியோக்களில் கேட்டால் வானத்திலிருந்து இறங்குவது போல் இருக்கிறது. எட்டு, பத்து மோடு (ஓசை வகை) உள்ளதை வாங்கலாமா, சின்னது போதுமா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் ஆம்ப்பின் முகப்பைப் பாருங்கள். பயிற்சி ஆம்ப்கள் சிலவற்றிலேயே ‘ரிவெர்ப்’ என்று ஒரு குமிழ் இருக்கும். இருந்தால் ஒரு மாதம் அதை வைத்தே வாசியுங்கள். எவ்வளவு ரிவெர்ப் பிடிக்கிறது என்று காதுக்குத் தெரிந்தபின் கடைக்குப் போனால் தேர்ந்தெடுப்பது எளிது.

நம் ஊரில் இதற்கும் ‘எக்கோ’ என்றுதான் பெயர். மைக் செட்காரரிடம் “கொஞ்சம் எக்கோ ஏத்துங்க” என்று சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் வாங்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெயர் தனியாகத் திரும்பி வருகிறதே, அது எக்கோ. பெடல்களில் அதற்கு ‘டிலே’ என்று பெயர். காலியான கல்யாண மண்டபத்தில் கைதட்டினால் சத்தம் அறுபடாமல் இழுத்துக்கொண்டே தேய்ந்து மறைகிறதே, அதுதான் ரிவெர்ப். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் எண்ணற்ற எதிரொலிகள் இடைவெளி தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அப்படிக் கேட்கிறது. அந்த எதிரொலிகளைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதுதான் டிஜிட்டல் பெடலுக்குள் இருக்கும் சிப்பின் வேலை.

மோடுகளின் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரூம், ஹால் இரண்டும் இடங்கள். பிளேட், ஸ்பிரிங் இரண்டும் பழைய கருவிகள். 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதை அதிர வைத்து ரிவெர்ப் எடுத்தது. அந்த ஓசையைப் பின்பற்றுவது பிளேட். 1960-களின் கிட்டார் ஆம்ப்களுக்குள் இருந்த சுருள் கம்பிகளின் ஓசை ஸ்பிரிங். அதே இ.எம்.டி. 1976-இல் முதல் டிஜிட்டல் ரிவெர்பை வெளியிட்டது. அது தரையில் வைக்கும் பெரிய பெட்டி. 1987-இல் பாஸ் நிறுவனம் ஆர்.வி.-2 பெடலில் அந்த வித்தையைக் காலடிக்குக் கொண்டுவந்தது.

நீங்கள் வீடியோவில் கேட்ட அந்த வான ஒலிக்கு ‘ஷிம்மர்’ என்று பெயர். ரிவெர்பின் வாலில், அதாவது தேய்ந்து மறையும் பகுதியில், ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரத்தையும் சேர்த்துவிடுவார்கள். முதல் வாரம் அதை விட்டு எழவே மனம் வராது. ஆனால் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது டிரம்ஸ், பேஸ், பாட்டு எல்லாவற்றின் மேலும் அது பாய் விரித்ததுபோல் படுத்துக்கொள்ளும். என் அனுபவத்தில், ஐந்து வருடம் வைத்திருந்தாலும் கை திரும்பத் திரும்பப் போவது ரூம், ஹால், ஸ்பிரிங் மூன்றுக்கும்தான். அந்த மூன்றும் நன்றாக இருக்கும் சின்ன பெடல் உங்களுக்குப் போதும். பாஸ் ஆர்.வி.-6, டி.சி. எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் போன்றவை நல்லவை. கையில் பணம் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால் மூர், டானர் போன்ற மினி பெடல்களையும் ஒதுக்க வேண்டாம். காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எப்படிக் கேட்பது? காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்னை. உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். கடையில் ஆம்ப் சத்தத்தை அளவாக வைத்து, பெடலில் ஹால் மோடு, டீகே (வாலின் நீளத்தை மாற்றும் குமிழ்) நடுவில். ஒரே ஒரு ஈ மைனர் கார்டு அடித்து உடனே உள்ளங்கையால் நரம்பை அடக்குங்கள். கிட்டார் நின்றுவிடும், பெடல் மட்டும் பேசும். அந்த வாலைக் கடைசி வரை கேளுங்கள். நல்ல பெடலில் அது புகைபோல் கரையும். சுமாரான பெடலில் முடியும் இடத்தில் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ‘ணங்’ என்று ஒரு ஓசை ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது வால் பாதியிலேயே வெட்டுப்படும். முழு கார்டை விட ஒற்றை நரம்பில் டிக்கென்று ஒரு தட்டு தட்டினால் இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும். வால் நீண்டுகொண்டிருக்கும்போதே பெடலை அணைத்தும் பாருங்கள். சிலவற்றில் வால் இயல்பாகத் தேய்ந்து முடியும், சிலவற்றில் பட்டென்று அறுந்துபோகும். பாட்டின் நடுவில் போட்டு எடுப்பவர்களுக்கு முதல் வகைதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்: டிஸ்டார்ஷன் (ஓசையைக் கரடுமுரடாக்கும் பெடல்), டிலே எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியாக ரிவெர்பை மாட்டுங்கள். லெவல் குமிழைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு ஒன்பது மணியில் தொடங்குங்கள். பெடலை அணைத்தால் ‘ஏதோ குறைகிறதே’ என்று தோன்ற வேண்டும். போட்டால் ரிவெர்ப் இருப்பது தனியாகத் தெரியக்கூடாது. ஹெட்போனில் வைத்த அளவு ஸ்பீக்கரில் ஒத்துவராது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டை பக்கம் ஒரு சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். கட்டடம் பெரியது, கான்கிரீட் கூரை. பியானோ ஓசை வறட்சியாக இருப்பதாகப் பாடுகிறவர்கள் சொல்கிறார்கள். சபை நிதியில் ரிவெர்ப் பெடல் வாங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: சகோதரரே, அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை என்றால் உங்கள் கட்டடமே ஒரு பெரிய ரிவெர்ப் பெடல். காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டிவிட்டு, சத்தம் முழுக்க அடங்கும்வரை எண்ணுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் போனால், அதன்மேல் இன்னும் ரிவெர்ப் சேர்ப்பது பாட்டின் வார்த்தைகளை விழுங்கிவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். வேகமான பாட்டில் அதற்குள் அடுத்த சுரம் வந்துவிடுகிறது. பழைய சுரமும் புதிய சுரமும் மோதிக்கொள்கின்றன.

இன்னொன்று. மனித உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சும். சனிக்கிழமை மாலை நான்கு பேர் வைத்துப் பயிற்சி செய்யும்போது இருந்த முழக்கம், ஞாயிறு காலை சபை நிறைந்ததும் நன்றாகவே குறைந்துவிடும். காலி அரங்கில் வைத்த அளவை நம்பி இருக்காதீர்கள். ஆராதனை நடக்கும்போது ஒருவரைப் பின்வரிசையில் நிற்கவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் வறட்சி எங்கிருந்து வருகிறது? இரண்டு காரணம் இருக்கலாம். கீபோர்டின் ஸ்டீரியோ பியானோவை ஒரே ஒயரில் மிக்ஸருக்குக் கொடுக்கும்போது துளை மாறினால் பாதி ஓசைதான் போகும். ஒரே ஒயர் என்றால் அது ‘எல்/மோனோ’ என்று எழுதியிருக்கும் துளையில் இருக்க வேண்டும். வலப்பக்கத் துளையில் மட்டும் மாட்டியிருந்தால் கோளாறு அதுதான். ஹெட்போன் துளை மட்டுமே உள்ள கீபோர்டு என்றால், ஒரு பக்கம் ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்குங்கள். சாதாரண மோனோ பி-38 பின்னை (கிட்டார் ஒயரில் இருக்கும் தடித்த பின்) அதில் சொருகினால் வலப்பக்கம் ஷார்ட் ஆகும். இரண்டாவது, கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவிலேயே பெரும்பாலும் ரிவெர்ப் வகையும் அளவும் இருக்கும். யாரோ எப்போதோ அதை அணைத்து வைத்திருக்கலாம். அங்கே கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் குறை தீராவிட்டால் பெடல் வாங்கலாம். அப்போது வலம், இடம் இரண்டும் உள்ளே போய் வெளியே வரும் ஸ்டீரியோ பெடலாகவே வாங்குங்கள். ப்ரீ-டிலே குமிழ் இருந்தால் நல்லது; அதை 30 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் வைத்தால் சுரம் முதலில் தெளிவாக விழுந்து, ரிவெர்ப் அதன் பின்னால் வரும்.

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழா சமயம் மைதானக் கச்சேரிகள் வரும். மண்டபத்தில் நன்றாக இருக்கும் கிட்டாரும் கீபோர்டும் மைதானத்தில் எலும்பாகக் கேட்கிறது. ஒரே பெடலை இரண்டுக்கும் வைக்க முடியுமா?

பதில்: மைதானத்தில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. போன ஒலி திரும்பி வர வழியே கிடையாது. ரிவெர்ப் பெடல் உண்மையில் உழைக்கும் இடம் இதுதான். உங்களுக்குக் கட்டாயம் வேண்டும், தாராளமாக வையுங்கள்.

ஒரே பெடல் போதும், ஆனால் மாட்டும் இடத்தை மாற்றுங்கள். மிக்ஸரின் ஆக்ஸ் சென்டிலிருந்து (சேனல்களின் ஒலியில் கொஞ்சம் பிரித்து வெளியே அனுப்பும் துளை) ஒயர் எடுத்துப் பெடலுக்குள் விட்டு, வெளியே வருவதை மிக்ஸரின் காலியான ஒரு சேனலில் கொடுங்கள். ரிவெர்ப் மட்டுமே வெளியே வரும்படி பெடலின் மிக்ஸ் குமிழை முழுக்க வலப்பக்கம் திருப்பிவிடுங்கள். பிறகு கிட்டார் சேனலில் ஆக்ஸை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவு ரிவெர்ப் கிட்டாருக்கு, கீபோர்டு சேனலில் எவ்வளவோ அவ்வளவு கீபோர்டுக்கு. பெடல் திரும்பி வரும் சேனலின் ஆக்ஸ் குமிழை மட்டும் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத் தொடவே கூடாது. தொட்டால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும், முன்வரிசையில் இருக்கும் குழந்தைகள் அலறிவிடுவார்கள்.

மிக்ஸரிலிருந்து வரும் ஒலி கிட்டாரிலிருந்து வருவதை விடப் பலமானது. கிட்டாருக்கென்று செய்த பெடல் திணறினால் கரகரவென்று கேட்கும். ஆக்ஸ் மாஸ்டரைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். கீபோர்டை நேராகப் பெடலில் மாட்டுவதாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்: கீபோர்டு வால்யூம் பாதி.

வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். மிக்ஸர்கள் பலவற்றில் ‘எஃப்.எக்ஸ்.’ என்று ரிவெர்ப் உள்ளேயே இருக்கிறது. பாடகருக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு வாத்தியங்களை அப்படியே விட்டிருப்பார்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் வந்தால் பெடலைக் குறை சொல்லாதீர்கள், எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்பூர் வாசகர். அடாப்டர் இல்லாமல்தான் பெடல் வந்தது. வீட்டில் கீபோர்டு அடாப்டர் இருக்கிறது, பின் பொருந்துகிறது. போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பல வருடங்களுக்கு முன் ஆற்காட்டில் ஒரு மண்டபத்தில், கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் இதைச் செய்தேன். பின் அழகாக உள்ளே போனது. சிவப்பு விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது, பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. அன்று போன பெடலின் சர்க்யூட் போர்டு திரும்ப வரவே இல்லை. அந்த அடாப்டர் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு 9 வோல்ட் டி.சி., நடுமுனை நெகட்டிவ்.

பெடலின் பின்புறம் ஒரு சிறு படம் இருக்கும்: நடுவில் புள்ளி, சுற்றி வளையம். புள்ளியோடு கழித்தல் குறி சேர்ந்திருந்தால் நடுமுனை நெகட்டிவ். அதே படம் அடாப்டரிலும் அப்படியே இருக்க வேண்டும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக்கூடாது. டிஜிட்டல் ரிவெர்ப் பழைய டிஸ்டார்ஷன் பெடலைப் போல் சிக்கனமானதல்ல. 100 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும், பெரியவை 300-ஐயும் தாண்டும். 9 வோல்ட் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் ஒரு கச்சேரிக்கு ஒரு பேட்டரி என்று ஆகிவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த அடாப்டர் என்றால் ‘இன்புட் 120 வோல்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். நம் 230 வோல்ட்டில் அது தாங்காது.

கேள்வி: வாணியம்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்கிய ஸ்டீரியோ ரிவெர்ப் பெடலில் ஒரு பக்கம் மட்டும்தான் சத்தம் வருகிறது. விற்றவர் “நீங்கள் தவறாக மாட்டிக் கெடுத்துவிட்டீர்கள்” என்று சொல்லித் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: முதலில் நம் பக்கம் தவறில்லை என்று உறுதி செய்துகொள்வோம். சில சிறிய பெடல்களில் ஒரே துளையில் வலமும் இடமும் வரும். அதற்கு ஸ்டீரியோ பின் வேண்டும். சிலவற்றில் ஸ்டீரியோவுக்கு மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் அல்லது அமைப்பு உண்டு. கையேட்டைப் பார்த்து, இரண்டு புதிய ஒயர்களை வைத்துச் சோதியுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் விடாதீர்கள். ஒயரை மாட்டுவது முதல் சத்தம் வராதது வரை, சீரியல் எண் தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் இ-வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில் இருக்கிறதல்லவா? அதுதான் உயிர். வெளிநாட்டிலிருந்து பில் இல்லாமல் கொண்டுவந்து விலை குறைத்து விற்கும் பெடல்களை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமே இதுதான்.

கேள்வி: பழைய பெடல் வாங்கலாமா? சத்துவாச்சாரியில் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார்.

பதில்: தாராளமாக. பெடல்கள் நீண்ட நாள் உழைக்கும். உங்கள் அடாப்டரையும் கிட்டாரையும் எடுத்துப்போய் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். சூடானபின் வரும் கோளாறுகள் அப்போதுதான் வெளிப்படும். ஒவ்வொரு குமிழையும் மெதுவாக முழுச் சுற்று திருப்புங்கள். ‘கரகர’ மட்டும் என்றால் தூசி, கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். ஓரிடத்தில் சத்தமே நின்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கால் சுவிட்சை இருபது முறை மிதியுங்கள். பேட்டரி வைக்கும் இடம் இருந்தால் மூடியைத் திறந்து, முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடாப்டர் துளையில் பின்னை மாட்டி லேசாக ஆட்டும்போது விளக்கு அணைந்து எரிந்தால் அதை வாங்க வேண்டாம்.