வளரும் பாம்புக்கு இரையின் அளவை எப்போது கூட்டுவது?

குட்டி கார்ன் ஸ்னேக்குக்கு ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு கொடுக்கிறீர்கள், அடுத்த அளவுக்கு எப்போது மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் நெகிழும் நாரால்தான் இணைந்திருக்கின்றன, அதனால் தலையைவிடப் பெரிய இரையும் உள்ளே போய்விடும். பார்க்க வேண்டியது உடம்பின் மிகப் பருமனான இடத்தை. எலியின் பருமன் அதற்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருந்தால் சரி. ஒன்றரை மடங்கைத் தாண்டவே வேண்டாம்.

தராசு இருந்தால் இன்னும் நல்லது. குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் போதும்; 30 கிராம் பாம்புக்கு 3 முதல் 4.5 கிராம். வளர வளர இந்த விகிதம் குறையும், இரை கொடுக்கும் இடைவெளி கூடும்.

விழுங்கியதும் நடு உடம்பைக் கவனியுங்கள். லேசான புடைப்பு தெரிய வேண்டும். தெரியவே இல்லையென்றால் அடுத்த அளவுக்குப் போகலாம். செதில்கள் விலகி இடையே தோல் பளபளவென்று தெரிந்தால் இரை பெரிது. சந்தேகமாக இருந்தால் சின்னதையே கொடுங்கள். ஒரு வேளை குறைவாகத் தின்றால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது.

பெரிய இரையைக் கக்கிவிட்டால்தான் உண்மையான சிக்கல். வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். 10 முதல் 14 நாள் எதுவும் கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வைத்து, அப்புறம் வழக்கத்தில் பாதி அளவில் ஆரம்பியுங்கள். கூண்டின் சூடான பக்கத்து வெப்பநிலையையும் பாருங்கள், குளிரில் சரியான இரைகூடச் செரிக்காது. மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.